முப்பத்தைந்தாவது பயனர்

"உங்கள யாரு அக்கா எலெக்ட் பண்ணாங்க?"

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் இணைய விதிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். என் பெயருக்குக் கீழே 'இணையப் பயனர் பிரதிநிதி, ஓய்வு' என்று அச்சிட்டிருந்தது. கேள்வி நேரத்தில் ஒரு இளம்பெண் எழுந்து இப்படிக் கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான். நாட்டில் இத்தனை பேர் இணையத்தில் இருக்க, அவர்கள் சார்பாக நாற்காலியில் போய் உட்கார இந்த பிலோமினா யார்? நான் சிரித்து ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆனால் என்னிடம் உண்மையிலேயே பதில் இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிப் படிப்பு, முடித்த கையோடு, எழுபதுகளின் நடுவில், பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், தொலைபேசி இலாகாவின் புகார் முகப்பில் உட்கார்ந்தவள் நான். மழை பெய்தால் இரைச்சல், பக்கத்து வீட்டுப் பேச்சு நம் ஃபோனில் கேட்கிறது, மாமியார் பேசும்போது மட்டும் அறுந்துபோகிறது என்று பன்னிரண்டு வருடம் கேட்டேன். இலாகா கம்பெனியாக மாறியபோது வெளியே வந்தேன். வீட்டில் சும்மா இருக்கும் உடம்பு இல்லை எனக்கு. தொலைபேசி வாடிக்கையாளர்களுக்காக ஒரு சின்னச் சங்கம், ஊதுபத்திக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. அங்கே புகார் அதிகாரியாகச் சேர்ந்தேன். அதிகாரி என்பது பேருக்குத்தான். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர், நானும் செயலாளர் அம்பலவாணரும்.

அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கு வெயிலிலும் டை கட்டுவார். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார். கீழே இருந்து வரும் ஊதுபத்தி வாசனையில், விசிறியும் இல்லாமல், நான் வேர்த்து உட்கார்ந்திருப்பேன். புகார்க் கடிதம் எதுவானாலும் எழுந்து நின்றுதான் படிப்பார். "ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதினதை இருந்துகொண்டு வாசிக்கிறது மரியாதை இல்லை பிள்ளை" என்பார். எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் கடைசிவரை பிள்ளைதான்.

அவரிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. அறிக்கையில் 'மக்கள் விரும்புகிறார்கள்', 'பொதுமக்கள் கருதுகிறார்கள்' என்று எழுதினால் தொலைந்தேன். அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு ஓரத்தில் "ஆர்?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். யார் என்று பெயரும் ஊரும் சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியம் போகக் கூடாது. எத்தனையோ முறை மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

புகார் எழுத அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். ஒரு ஃபுல்ஸ்கேப் தாளைக் குறுக்கே பாதியாக மடிக்க வேண்டும். மேல் பாதியில் புகார் சொல்பவர் வாயில் வந்ததை வந்தபடி, அவர் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்ற பிறகே கையெழுத்து. கீழ்ப் பாதி நம்முடையது: எந்த விதி, யாரைக் கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும். கீழ்ப் பாதியில் இருப்பது மேல் பாதியைத் தாண்டக் கூடாது. அவர் கேட்காததை நாம் கேட்கக் கூடாது என்பது இதன் பொருள்.

தொண்ணூறுகளில் இணையம் வந்தது. அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக வந்ததால் அதன் புகார்களும் எங்கள் மாடிக்கே ஏறி வந்தன. கணக்கு யாருக்குக் கொடுப்பது, எப்போது துண்டிப்பது, எதெல்லாம் குற்றம் என்று விதி எழுத, சேவை கொடுத்த கம்பெனி ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தது. ஒன்பது பேர். பொறியாளர், வியாபாரிகள், கெலுகோர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், கம்பெனியின் சட்ட அதிகாரி திரு. வோங், தலைவராக ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்சே ஹருன் (மலாயில் 'திரு.'வுக்கு என்சே). ஒன்பதாவது நாற்காலி 'பயனர் பிரதிநிதி'க்கு. அதற்கு ஆள் அனுப்பும்படி சங்கத்துக்குக் கடிதம் வந்தது.

"உம்மைத்தான் அனுப்பப் போறன்" என்றார் அம்பலவாணர்.

"எனக்கு இன்டர்நெட் பத்தி என்ன சார் தெரியும்? வீட்டுல சேவியர் ஃபுட்பால் ஸ்கோர் பாப்பாரு. நான் லண்டன்ல இருக்கற என் தங்கச்சிக்கு லெட்டர் போடுவேன். அவ்வளவுதான் லா."

"அப்ப நீர் பயனர்தானே. வேற என்ன வேணும்?"

சேவியர் என் கணவர். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். அவர் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

குழுக் கூட்டம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். ஏர்கண்டிஷன், சூடாக, உருளைக்கிழங்கு வைத்த கரிபாப், முன்னால் என் பெயர் எழுதிய அட்டை. மூன்றாவது கூட்டத்தில் ஒரு விதி வந்தது: ஒரு கணக்கு, ஒரு நபர். கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பவரின் கணக்கு துண்டிக்கப்படும். கெலுகோரில் ஒருவர், வீட்டில் வாடகைக்கு இருந்த மாணவர்கள் தன் கணக்கைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சில நாள் முன்புதான் என்னிடம் புகார் கொடுத்திருந்தார். அவரை நினைத்துக்கொண்டு, விதி நல்லதுதானே என்று கையைத் தூக்கினேன். ஒன்பது கையும் உயர்ந்திருந்தன. அறிக்கையில் 'பயனர்கள் இவ்விதியை வரவேற்கிறார்கள்' என்று எழுதி அம்பலவாணரிடம் கொடுத்தேன். 'பயனர்கள்' மேல் சிவப்பு வட்டம் விழுந்தது. "ஆர்?" என்றார். கெலுகோர்க்காரர் ஒருவரைத் தவிர எனக்கு வேறு பெயர் வரவில்லை. அவர் அந்த வட்டத்தோடேயே தாளைக் கோப்பில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஃபோன் வந்தது. தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், சுப்பையா பேசினார். "அம்மா, எங்க ஈமெயிலு கட்டாயிருச்சு. முப்பத்து நாலு பேரு தவிக்கிறோம்."

நான் ஃபெர்ரியில் கடல் தாண்டி, பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் காலங்காலமாக ஒரே முகவரிதான். யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்கு வரும். கிராணி அதைச் சுவரில் இருக்கும், சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த மரப் பெட்டியில் பெயர் பார்த்துப் போடுவார். வேலை முடிந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சுப்பையா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, தன் வீட்டு ஃபோனில் இணைத்து, ஒரு கணக்கு எடுத்ததும், தோட்டம் முழுக்க அதைத் தன் முகவரியாகவே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவார்கள். தலைப்பில் 'லெட்சுமிக்கு, பதினாலாம் நம்பர் வீடு' என்று இருக்கும். கிராணி அதை அச்செடுத்து, மடித்து, மேலே பெயர் எழுதி அதே மரப் பெட்டியில் போடுவார்.

எப்படிப் பிடிபட்டார் என்று கேட்டேன்.

"பிடிபடல அம்மா. நானேதான் சொன்னேன். ஃபாரம் வந்துச்சு, கணக்க உபயோகிக்கிறவங்க பேர எழுதுங்கன்னு. ஒரு கோடுதான் விட்டிருந்தாங்க. எடம் பத்தல."

இடம் பத்தாததால் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? செக்ரோல் தாள் எடுத்தார். தோட்டத்தில் அன்றாடம் பெயர் பதியும் பெரிய தாள். கோடு போட்டு, எண், பெயர், வீட்டு எண், கையெழுத்து என்று பத்தி பிரித்து, முப்பத்து நான்கு பேரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாத மூன்று பேர் பெருவிரல் வைத்தார்கள். அதை ஃபாரத்தோடு பின்னடித்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆபீஸ் தாளில் பொய் எழுதக் கூடாது என்று பழகிய கை. விதியை மீறிய குற்றத்தை இத்தனை ஒழுங்காக யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரத்தில் கணக்கைத் துண்டித்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. பெயர் அஞ்சலை. அவள் மகன் குமார் சரக்குக் கப்பலில் சமையல்காரன். துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி மின்னஞ்சல் போடுவான். அவனுக்கு அவள் எழுத வேறு முகவரி கிடையாது. நான் தாளை மடித்து, மேல் பாதியில் அவள் சொன்னதை எழுதினேன்.

"பக்கத்துத் தோட்டத்த வித்துட்டாங்க. அங்க இருந்த சனமெல்லாம் எங்கெங்கயோ போயிருச்சு. எம்மவன் லெட்டரு போட்டா இப்ப திரும்பிப் போவுதாம். நம்மளயும் காலி பண்ணிட்டாங்கன்னு நெனைப்பான். எங்க வந்து தேடுவான்? நாங்க இங்கதான் இருக்கோம்னு அவனுக்குச் சொல்லணும். அதான்."

படித்துக் காட்டினேன். "ஆமா அக்கா, அதான்" என்றாள். கையெழுத்துப் பத்திக்கு வந்ததும் பெருவிரலை நீட்டினாள். அந்த மூன்று விரல்களில் ஒன்று இவளுடையது. இவள் மகனுடைய கடிதத்தைத் திருப்பி அனுப்பியது நான் கை தூக்கிய விதி. பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. அழுதேன் என்றே சொல்லிவிடலாம்.

மறுநாள் அம்பலவாணரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எழுந்து நின்று அஞ்சலையின் மேல் பாதியைப் படித்தார். பிறகு குழுவின் நடைமுறைக் கையேட்டை எடுத்தார். அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் வரி வரியாகப் படித்து வைத்திருந்தார்.

"நீர் அந்த விதிக்குக் கை உயர்த்தினீரோ?"

"தூக்கிட்டேன் சார். பெரிய தப்பு."

"நல்ல வேலை. இதிலை எழுதிக் கிடக்கு: முடிஞ்ச தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆதரிச்சு வாக்குப் போட்டவர்தான் கேக்கலாம். எதிர்த்தவருக்கு அந்த உரிமை இல்லை. அதுவும் ரெண்டு கூட்டத்துக்குள்ளை கேக்க வேணும். நீர் பிழை விட்டது வாசியாப் போச்சு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் தப்பை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

அடுத்த கூட்டம். பேச்சு ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கும், இங்கே தமிழில் தருகிறேன். ஆதரித்து வாக்களித்தவள் என்ற முறையில் மறுபரிசீலனை கேட்டேன். என்சே ஹருன் கையேட்டைப் புரட்டிப் பார்த்து அனுமதித்தார். அஞ்சலை சொன்னதை முதலில் தமிழிலேயே படித்தேன். யாருக்கும் புரியவில்லை, ஆனால் யாரும் கரிபாப்பைத் தொடவில்லை. பிறகு அர்த்தம் சொன்னேன். செக்ரோல் தாளின் நகலை மேசை மேல் விரித்தேன்.

திரு. வோங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மேடம், இது அவர்கள் குற்றத்துக்கு அவர்களே கொடுத்த வாக்குமூலம்."

"ஆமாம். ஒன்றையும் ஒளிக்கவில்லை. நானும் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு என் கணவர் சேவியர் பெயரில் இருக்கிறது. ஃபோன் அவர் பெயரில் இருந்ததால் கணக்கும் அவர் பெயரில்தான் கொடுத்தீர்கள். இந்தக் கூட்டத்தின் தாள்களை நாலு மாதமாகச் சேவியருக்குத்தான் அனுப்புகிறீர்கள். நான் எடுத்துப் படிக்கிறேன். நாலு மாதமாக என் குற்றத்துக்கு உடந்தை நீங்கள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வோங் சிரிக்கவில்லை. மெதுவாகவே கேட்டார். "அப்படியானால் நீங்கள் கணக்கு உள்ளவர் இல்லை. விதிப்படி பயனரே இல்லை. பயனர் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

இந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. என்னை எழுப்பி அனுப்பிவிட்டால் என் கோரிக்கையும் என்னோடு எழுந்து போய்விடும். அதை மறுபடி எடுக்கும் உரிமை விதியை ஆதரித்த மற்ற எட்டுப் பேருக்கும் இருந்தது, ஆனால் யார் எடுப்பார்கள்? அஞ்சலையின் தாளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என்சே ஹருன் தொண்டையைச் செருமினார். "என் மின்னஞ்சலைத் தினமும் காலையில் குழு அலுவலகக் கிளார்க் ரொக்கையா திறக்கிறாள். அச்செடுத்து மேசையில் வைக்கிறாள். கடவுச்சொல் அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. நானும் எழுந்து போக வேண்டுமா, மிஸ்டர் வோங்?"

அதன் பிறகு சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்பதுபோல் ஆகிவிட்டது. விரிவுரையாளர் தன் ஆய்வுக்கூடத்து மாணவர்கள் எல்லாரும் ஒரே கணக்கில் இருப்பதாகச் சொன்னார். ஒரு வியாபாரி, தன் மகள்தான் எல்லாம் பார்க்கிறாள் என்றார். பொறியாளர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "என் மனைவி" என்று மட்டும் சொன்னார். அறை முழுக்கச் சிரிப்பு. சத்தம் கேட்டு, காப்பி கொண்டுவந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வோங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்தார். "விதி பொய் சொல்ல வைக்கிறது என்றால் விதியில்தான் கோளாறு. இந்தக் கிராணி செய்ததையே விதியாக்கிவிடலாம்" என்றார். அங்கேயே எழுதினார். கணக்கு வைத்திருப்பவர் தம் பொறுப்பில், பெயரும் கையெழுத்தும் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருந்தால், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் பயனர் ஆவார். அவ்வளவுதான் விதி. கெலுகோர்க்காரரின் மாணவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆகவே அவர் புகாருக்கும் அதிலேயே பதில் இருந்தது. ஒன்பது கையும் உயர்ந்தன. இந்தத் தடவை என் கை ஏன் உயர்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கணக்குத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், "பஸ்ஸு வேணாம், நான் கிரேத்தா எடுக்கறேன் லா" என்று சேவியரே காரில் கூட்டிப்போனார். கிராணி வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் நடந்ததையும், நான் பயனரே இல்லை என்று வோங் கேட்டதையும் அவர்களுக்குச் சொன்னேன். மோடம் கிறீச்சிட்டு, இரைந்து, பேசாமல் நின்றது. "கெடச்சிருச்சு" என்றார் கிராணி. நடுவில் வந்த கடிதங்கள் எல்லாம் திரும்பிப் போயிருந்தன, மின்னஞ்சல் பெட்டி காலி. முதல் கடிதம் அஞ்சலைதான் போட வேண்டும் என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவள் சொல்லச் சொல்ல கிராணி ஒரு விரலால் தட்டினார். முடித்து அனுப்பப் போனவரை அவள் தடுத்தாள். "ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க கிராணியாரே. இந்த அக்கா செஞ்ச மாதிரி."

கிராணி படித்தார். "குமாரு, நாங்க எங்கயும் போவல. இங்கதான் இருக்கோம். நீ வா."

"ஆமா, அதான்" என்றாள்.

நான்கு நாள் கழித்து மாடிக்கு ஃபோன். கிராணி மூச்சு வாங்கினார். "வந்துருச்சும்மா. சூயஸ்ல இருந்து போட்டிருக்கான். 'அம்மா, ரெண்டு துறைமுகம் நான் சோறே ஒழுங்கா ஆக்கல, கேப்டன் திட்டிட்டாரு'ன்னு எழுதியிருக்கான்." பின்னால் யாரோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது. அது அஞ்சலை என்று கிராணி சொன்னார்.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. புது விதிப்படி கிராணி தயாரித்த புதுப் பட்டியல், செக்ரோல் தாளில். சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். எல்லாம் பழைய வரிசைதான். அஞ்சலையின் இடத்தில் மட்டும் பெருவிரலுக்குப் பதில் நடுங்கி நடுங்கி எழுதிய நான்கு எழுத்து இருந்தது. கடைசிக்குப் போனேன். முப்பத்து நான்குக்குக் கீழே இன்னொரு வரி: முப்பத்தைந்து, திருமதி பிலோமினா, ஜார்ஜ்டவுன். கையெழுத்துப் பத்தி காலி. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'அந்த வக்கீல் ஐயா மறுபடி கேட்டால் இதைக் காட்டவும். தோட்டத்தில் எல்லாருக்கும் சம்மதம்.'

நான் தாளை அம்பலவாணரிடம் நீட்டினேன். அவர் எழுந்து நின்று முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழே படித்தார். சிவப்புப் பென்சில் அவர் காதுக்கு மேல் இருந்தது, அதை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் மைப் பேனாவை எடுத்து, திறந்து என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ குழுக்களில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் கணக்கு இன்றைக்கும் சேவியர் பெயரில்தான் இருக்கிறது. பயனர் என்று என் பெயர் எழுதியிருந்த தாள் உலகத்தில் அது ஒன்றுதான். தங்கச்சி, கருத்தரங்கில் நீ எழுந்து கேட்டாயே, யார் தேர்ந்தெடுத்தது என்று. முப்பத்து நான்கு பேர். பெயர் சொல்லட்டுமா?